விடிய விடிய ஆடியது ஒன்றரை மணித்தியாலம் ஆன கதை

வன்னியில் கூத்துப் பார்க்கப் போகிறவர்கள் பாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டுதான் புறப்படுவார்கள். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தில் மத்தளம் முழங்கும்போது ஊர் இராச்சாப்பாட்டை முடித்திருக்கும். கண்ணகி வழக்குரைக்கிற நேரம் கிழக்கு வெளுக்கத் தொடங்கும். காத்தவராயன் கழுமரம் ஏறுவதும் விடியப்புறத்தில்தான். இடையில் பிள்ளைகள் நித்திரையாவார்கள், கிழவர்கள் வெற்றிலை இடிப்பார்கள், யாராவது எழுந்துபோய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார்கள். எதையும் தவறவிட்டோம் என்ற எண்ணம் எவருக்கும் வராது. கதை எல்லாருக்கும் முன்னமே தெரியும்.

இன்றைக்குத் துணுக்காயிலோ மல்லாவியிலோ பள்ளிக்கூட மண்டபத்தில் நாடகம் என்றால் அரை மணித்தியாலம், மிஞ்சினால் ஒரு மணித்தியாலம். இது எப்படி நடந்தது என்று கேட்டால் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: சனத்துக்குப் பொறுமை போய்விட்டது, தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் கெடுத்துவிட்டன. அந்தப் பதில் கணக்குக்கு ஒத்துவராது. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல். ஈழத்துத் தமிழ் நாடகம் குறுகத் தொடங்கியது அதற்கு நாற்பது வருசம் முந்தி. பொறுமை குறைந்ததால் நாடகம் சிறுக்கவில்லை. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக, தெரிந்தே அதைக் கத்தரித்தார்கள். அப்படிக் கத்தரித்தபோது ஒரு காரியம் கூடவே நடந்தது. ஒரே இரவில் ஒரே களரியில் சேர்ந்திருந்த சிரிப்பும் அழுகையும் தனித்தனி வழியில் போயின. குறுநாடகம் பிறந்த கதை அந்தப் பிரிவின் கதையும்தான்.

நீளம் எங்கே இருந்தது?

கூத்து ஏன் நீண்டது என்பதைப் பார்த்தால்தான் எதை வெட்டினார்கள் என்று விளங்கும். கூத்தில் ஒரு பாத்திரம் சும்மா உள்ளே வந்து பேச முடியாது. அரசன் வருகிறான் என்று கட்டியகாரன் சொல்லவேண்டும். அரசன் வரவுப் பாட்டோடு வந்து, தாளக்கட்டுக்கு ஆடி, தான் யார், எந்த நாடு, என்ன பெருமை என்று தானே சொல்லவேண்டும். ஆடுகிறவர் பாடும் அடியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவார்கள். களரி வட்டமானது, ஒலிபெருக்கி இல்லாத காலம். நாலு பக்கத்துச் சனத்துக்கும் கேட்கவேண்டும், தெரியவேண்டும். திருப்பிப் பாடுவதும் சுற்றி ஆடுவதும் அலங்காரத்துக்கு மட்டும் வந்தவை அல்ல, தேவைக்கும் வந்தவை. ஒரு இரவுக்குள் காத்தவராயனாக ஒருவருக்கு மேற்பட்டோர் மாறி மாறி ஆடுவார்கள். ஊரில் ஆடத் தெரிந்த எல்லாருக்கும் இடம் கிடைத்தது அப்படித்தான்.

இத்தனை நீளத்துக்குள் சிரிப்புக்கும் இடம் இருந்தது. கட்டியகாரன் அரசனைப் புகழ்ந்துகொண்டே கேலி செய்வான். துயரக் காட்சி முடிந்த கையோடு ஒரு கோமாளி வந்து ஊர்ப் பேச்சில் உளறுவான். சற்றுமுன் கண்ணைத் துடைத்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அழ வந்தீர்களா, சிரிக்க வந்தீர்களா என்று எவரும் கேட்கவில்லை.

குறுகிய சிரிப்பு நாடகமும் நாட்டில் இல்லாமற் போகவில்லை. மட்டக்களப்பிலும் வன்னியிலும் ஆடப்பட்ட மகிடியை எடுத்துக்கொள்ளலாம். பிறநாட்டிலிருந்து வந்த மந்திரக்காரருக்கும் உள்ளூர்க்காரருக்கும் நடக்கும் போட்டி அது. பாட்டைவிடப் பேச்சுத்தான் அதிகம். அந்தப் பேச்சும் அந்த இடத்தில் வாயில் வருவது. திறந்த வெளியில், சனத்துக்கு நடுவில், திரையும் மேடையும் இல்லாமல் நடக்கும். வீதி நாடகம் என்று பின்னாளில் ஒரு பெயர் வருவதற்கு வெகுகாலம் முந்தியே அது வீதியில் இருந்தது.

இசை நாடகத்திலும் சனமே ஒரு கத்தரிப்பைச் செய்தது. அரிச்சந்திரன் கதை முழுவதும் நீண்டது. ஆனால் நடிகமணி வி. வி. வைரமுத்துவை நாடிப் போனவர்கள் கேட்டது பெரும்பாலும் மயான காண்டத்தை. சுடலையில் பிள்ளையின் பிணத்தோடு வரும் சந்திரமதியிடம் காசு கேட்கிற அரிச்சந்திரன்: அந்த ஒரு கட்டம் தனி நாடகமாகவே நின்றது. கதையின் முன்பாதி சனத்தின் மனத்தில் இருந்தபடியால் மேடையில் அது தேவைப்படவில்லை. நல்ல குறுநாடகத்தின் முதல் இலக்கணம் இங்கேயே கிடைத்துவிடுகிறது: சொல்லாமல் விட்டதைச் சபை தானே நிரப்பவேண்டும்.

பருத்தித்துறைப் பேச்சு மேடை ஏறியது

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படித்தவர்களுடைய நாடகம் சபாக்களின் கையில் இருந்தது. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையைப் பார்த்து, கலையரசு சொர்ணலிங்கம் முதலானோர் 1913இல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையை அமைத்தார்கள். படச்சட்ட மேடை, காட்சித்திரை, இலக்கணத் தமிழ். மேடையில் பேசிய தமிழை வீட்டில் எவரும் பேசவில்லை.

அதை மாற்றியவர் ஒரு பேராசிரியர். பருத்தித்துறையை அடுத்த புலோலியில் பிறந்து, லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுத் திரும்பிய க. கணபதிப்பிள்ளை, பல்கலைக்கழக மாணவர்கள் நடிப்பதற்காக நாடகங்கள் எழுதினார். உடையார் மிடுக்கு, கண்ணன் கூத்து, முருகன் திருகுதாளம், நாட்டவன் நகரவாழ்க்கை ஆகிய நான்கும் 1940இல் ‘நானாடகம்’ என்ற பெயரில் நூலாயின. தலைப்புகளைப் பார்த்தாலே போதும்: அரசர் இல்லை, புராணம் இல்லை. உடையாரின் திமிர், ஒருவனுடைய தில்லுமுல்லு, பட்டணத்துக்குப் போன நாட்டுப்புறத்தான். பாத்திரங்கள் வடமராட்சி வீட்டு முற்றத்தில் பேசுவதுபோலவே பேசின. பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் மேடைக்குப் பேச்சுத்தமிழை எழுதிக் கொடுத்தது அன்றைக்குச் சிறிய துணிச்சல் அல்ல.

ஒரு மாலைக்குள் முடிகிற, ஒரு வீட்டுக்குள் நடக்கிற, சனத்தின் வாய்மொழியில் பேசுகிற நாடகம் ஈழத்தில் வேர்பிடித்தது இங்கேதான். பிரிவும் இங்கேயே தொடங்கியது. அதே பேராசிரியர் 1956இல் யாழ்ப்பாணத்துக் கடைசி அரசனைப் பற்றிச் ‘சங்கிலி’ எழுதியபோது மொழி செந்தமிழுக்குத் திரும்பியது. சிரிப்புக்குப் பேச்சுத்தமிழ், பெருமைக்கும் துயரத்துக்கும் ஏட்டுத்தமிழ் என்று ஒரு வேலி எழுந்தது. அந்த வேலி இன்னும் முழுதாக விழவில்லை என்பது பள்ளிக்கூடப் போட்டிகளுக்குப் போனால் தெரியும். மன்னன் வாய் திறந்தால் செந்தமிழ். குடிகாரன் வாய் திறந்தால் ஊர்த்தமிழ்.

வன்னி தன் பங்குக்குச் சரித்திர நாடகத்தையே பெரிதும் கொண்டாடியது. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியனின் கதையை முள்ளியவளை எழுத்தாளர் முல்லைமணி நாடகமாக்கினார். சொந்த மண்ணின் அரசனை மேடையில் பார்க்கிற பெருமிதம் அந்த நாடகத்துக்குக் கிடைத்தது. ஆனால் அதே மண்ணில் காடு வெட்டிக் குடியேறி, வவுனிக்குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்தவனின் வீட்டுக் கதைக்கு மேடை கிடைக்க இன்னும் காலம் பிடித்தது.

பேராதனையில் விழுந்த கத்தரி

1956இல் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தைக் கொழும்பில் மேடையேற்றினார். சிங்கள நாடகம மரபிலிருந்து அவர் எடுத்த அந்த ஆட்டமும் பாட்டும் சிங்கள அரங்கின் போக்கையே மாற்றின. அந்த நாடகம மரபுக்கு மூலம் தமிழ்க் கூத்து. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவரோடு கூடப் படிப்பித்த சு. வித்தியானந்தனுக்கு, எங்கள் சொத்தை நாங்கள் ஏன் இப்படிப் பார்க்கவில்லை என்ற கேள்வி எழுந்தது இயல்பு.

அவர் மட்டக்களப்பு வந்தாறுமூலைக் கூத்து ஆசான் செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்கு அழைத்துவந்து மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கினார். ‘கர்ணன் போர்’ 1962இலும், ‘நொண்டி நாடகம்’ 1963இலும், ‘இராவணேசன்’ 1964இலும், ‘வாலிவதை’ 1968இலும் மேடை ஏறின. விடியும் மட்டும் ஆடப்பட்டது ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்குள் வந்தது. வரவுகள் சுருங்கின. திருப்பிப் பாடல் குறைந்தது. வட்டமாக ஆடியவர்கள் ஒரு முகமாகத் திரும்பினார்கள், ஏனென்றால் மண்டபத்தில் சனம் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு. வெட்டியதால் கிடைத்த இடத்தில் ஒரு புதிய பொருள் நுழைந்தது: பாத்திரத்தின் மனம். பழைய கூத்தில் இராவணன் வருவான், வீரம் பேசுவான், சாவான். ‘இராவணேசன்’ சாவதற்கு முன் தனக்குள் முரண்படுகிறான்.

இதைக் குறை சொன்னவர்களும் உண்டு. கூத்தைக் களரியிலிருந்து பெயர்த்துப் படச்சட்டத்துக்குள் அடைத்துவிட்டார்கள், ஊர்க் கலைஞன் கையிலிருந்து அது படித்தவன் கைக்குப் போய்விட்டது என்பது அவர்களின் வாதம். பின்னாளில் மட்டக்களப்பில் சி. ஜெயசங்கர் முதலானோர் கூத்தை ஊரிலேயே, ஊரவரோடு சேர்ந்தே காலத்துக்கேற்ப மாற்றும் ‘கூத்து மீளுருவாக்கம்’ என்ற வேலையில் இறங்கியது அந்த வாதத்தின் தொடர்ச்சி. இருதரப்பிலும் நியாயம் இருக்கிறது. என் பார்வையில் பேராதனைக் கத்தரி வெட்டிய இன்னொன்றைத்தான் அதிகம் பேர் கவனிக்கவில்லை. இறுக்கமான துயர நாடகத்துக்குள் கட்டியகாரனின் பகிடிக்கு நேரம் இல்லாமற் போனது. கூத்து கனதியானது, சிரிப்பு வெளியே நின்றது.

ஆனாலும் அந்த ஒன்றரை மணித்தியாலம் அடுத்த தலைமுறைக்குக் கருவியாயிற்று. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் நுழைவுப் போராட்டம் நடந்தது. அதை ஒட்டி என். கே. ரகுநாதன் எழுதிய ‘கந்தன் கருணை’யை அம்பலத்தாடிகள் குழுவினர் காத்தான் கூத்துப் பாணியில் ஆடினார்கள். 1969இல் மௌனகுருவின் ‘சங்காரம்’ வடமோடி ஆட்டத்தைக் கொண்டு வர்க்கத்தையும் சாதியையும் பேசியது. மஹாகவி ‘கோடை’, ‘புதியதொரு வீடு’ என்ற பா நாடகங்களில் பேச்சோசையைக் கவிதைக்குள் கொண்டுவந்தார், அ. தாசீசியஸ் அவற்றை நெறியாள்கை செய்தார். மீனவன் வீட்டுத் துயரம் செந்தமிழைக் கேட்காமலே மேடையில் நிற்கலாம் என்பது ‘புதியதொரு வீடு’ காட்டிய வழி.

சிரிப்பு தனிவழி போனது

மேடை கனதியானபோது சிரிப்பு வானொலிக்குள் போய் இருந்தது. இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’, ‘லண்டன் கந்தையா’ போன்ற தொடர்களுக்காக வீடுகளில் வானொலிப் பெட்டியைச் சுற்றிச் சனம் கூடியது. கோயில் திருவிழாக்களில் நகைச்சுவைத் துண்டுகள் நல்ல வரவேற்புப் பெற்றன. அவற்றுள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற ஒன்று, கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’.

கரவெட்டிக்காரரான பாலச்சந்திரன் (1944–2014) ‘தணியாத தாகம்’ வானொலித் தொடரிலும் ‘வாடைக்காற்று’ திரைப்படத்திலும் நடித்தவர். ‘அண்ணை றைற்’ தனிநடிப்பு. மேடையில் ஒருவர், பஸ் இல்லை, இருக்கை இல்லை, பயணிகள் இல்லை. யாழ்ப்பாணத்து பஸ் கொன்டக்ரர் ஒருவரின் வாய் மட்டும் இருக்கிறது. அந்த வாயிலிருந்து நெரிசல் வருகிறது, சில்லறைச் சண்டை வருகிறது, முன்னுக்குப் போகச் சொல்லியும் அசையாதவர்கள் வருகிறார்கள். ஒலிநாடாவில் கேட்டவர்களுக்குக்கூட முழு பஸ்ஸும் கண்ணில் தெரிந்தது.

இதைப் பகிடி என்று ஒதுக்கிவிட்டால் பெரியதொன்றை இழப்போம். ஒரு நடிகர் காட்சிப்பொருள் எதுவும் இல்லாமல், எதிரே இல்லாதவரோடு பேசியே அவரை உண்டாக்குவது அரங்கக் கலையின் கடினமான வேலைகளில் ஒன்று. கனதியான நாடகம் பேசிய ‘வெற்று மேடை’ என்ற கொள்கையை ஒரு கொன்டக்ரர் பகிடி விடும் போக்கில் நிறைவேற்றிக் காட்டினார். எங்கள் சமூகத்தின் படிநிலைகள் அத்தனையும் அந்த பஸ்ஸுக்குள் இருந்தன: யாருக்கு மரியாதை, யாருக்கு அதட்டல், யாருக்கு இருக்கை.

இரவைப் போர் எடுத்துக்கொண்டது

கொழும்பில் நாடக டிப்ளோமா பயின்று யாழ்ப்பாணம் திரும்பிய ஆசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். தாசீசியஸ் வந்து களப்பயிற்சி கொடுத்தார். அங்கே நாடகம் எழுத்துருவில் தொடங்கவில்லை, உடம்பில் தொடங்கியது: அரங்க விளையாட்டு, மூச்சு, குரல், கூட்டமாக அசைதல். ‘கூடி விளையாடு பாப்பா’ போன்ற சிறுவர் நாடகங்கள் அந்தப் பயிற்சியில் விளைந்தவை. பிள்ளைகளின் நாடகத்தில் சிரிப்பும் பயமும் பிரியவில்லை என்பதையும் சொல்லவேண்டும்; பிள்ளைகளுக்கு அந்த வேலி தெரியாது.

1985இல் சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த ‘மண் சுமந்த மேனியர்’ பல்கலைக்கழக மாணவர்களின் ஆற்றுகையாக ஊர் ஊராகப் போனது. காட்சித்திரை இல்லை. நடிகரின் உடம்பே சுவர், வண்டில், வயல். எடுத்துரைஞர் வந்து சபையோடு நேரே பேசினார். தூக்கிக்கொண்டு போகச் சாமான் இல்லாதபடியால் எந்தப் பள்ளிக்கூட மண்டபத்திலும், எந்தக் கோயில் வீதியிலும் அதை ஆடலாம். வங்காளத்தில் பாதல் சர்க்கார் ‘மூன்றாம் அரங்கு’ என்று சொல்லிச் செய்ததும், பிரேசிலில் அகஸ்தோ போல் ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ என்று செய்ததும் இதற்கு உறவானவை. ஆனால் இங்கே அதைக் கட்டாயமாக்கியது காலம்.

ஊரடங்கு வந்தபின் இரவு சனத்தின் கையில் இல்லை. விடியும் மட்டும் களரியில் இருக்க எவருக்கும் துணிவில்லை. நாடகம் பகலுக்கு வந்தது. பகலில் வந்தபோது வேலைக்கும் பள்ளிக்கும் நடுவில் கிடைத்த நேரத்துக்குள் அடங்கவேண்டியிருந்தது. 1990களில் வடக்கில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தட்டுப்பாடு. சைக்கிளை நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. ஒளியமைப்பு என்பது யன்னலைத் திறப்பதும் மூடுவதும்தான்.

அந்தக் காலத்தில்தான் சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’ போர் மனத்தில் விட்ட காயத்தைப் பேசியது. ‘எந்தையும் தாயும்’ பிள்ளைகள் வெளிநாடு போய்விட, ஊரில் தனித்துப்போன முதியவர்களைக் காட்டியது. போர்முனையின் வீரத்தைப் பாடும் நாடகங்கள் நிறைந்திருந்த நாட்களில், வீட்டில் மிஞ்சியிருந்தவர்களை நோக்கித் திரும்பிய நாடகங்கள் இவை. சண்முகலிங்கம் 2025 ஜனவரியில் 93ஆவது வயதில் மறைந்தார். ஈழத்தில் இன்று நாடகம் பழக்கும் பலருக்கு அவர் ஆசிரியர், அல்லது ஆசிரியரின் ஆசிரியர்.

1995 ஒக்ரோபரில் வலிகாமம் ஒரே இரவில் பெயர்ந்து புறப்பட்டது. அடுத்த வருசம் வன்னிக்குள் வந்துசேர்ந்த சனத்தால் மல்லாவியும் துணுக்காயும் நிறைந்தன. ஆசிரியர் வந்தார், அண்ணாவியார் வந்தார், நடிகர் வந்தார். மர நிழலில் பள்ளிக்கூடம் நடந்த இடங்களில் மர நிழலில் நாடகமும் நடந்தது. தெருவெளி நாடகங்கள் சந்திகளில் ஆடப்பட்டன. அவற்றுள் பல பிரசாரம்; அதை மறைக்கவேண்டியதில்லை. சந்தியில் நிற்கிறவனை மறித்து, பத்து நிமிடத்துக்குள் ஒரு கதை சொல்லி முடிக்கிற கைவண்ணம் அவற்றில் இருந்தது என்பதும் உண்மை. 2008இல் போர் இங்கே வந்தபோது இந்த ஊர்கள் வெறுமையாயின. 2009 இறுதியில் சனம் திரும்பத் தொடங்கியது. திரும்பியவர்களிடம் முதலில் வந்த நாடகங்களில் கண்ணிவெடி விழிப்புணர்வு நாடகங்களும் இருந்தன. காட்டுக்கு விறகு பொறுக்கப் போகிறவனுக்கு எதைத் தொடக்கூடாது என்று சொல்ல இருபது நிமிட நாடகம் போதும்.

வாடகை மண்டபத்துக் கணக்கு

புலம்பெயர்ந்த ஊர்களில் நாடகம் குறுகியதற்கு வேறு காரணம். மண்டபத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. நடிகர்கள் மாறி மாறி வேலை நேரம் உள்ளவர்கள். ஒத்திகை வார இறுதியில்தான். ஐந்து பேரை ஒரே நாளில் ஒரு அறைக்குள் சேர்ப்பதே பாதி நெறியாள்கை. நீண்ட நாடகத்துக்கு அங்கே வழியில்லை. ஆகவே ஒரு மாலையில் மூன்று நாலு குறுநாடகங்கள் என்ற வழக்கம் வந்தது.

க. பாலேந்திரா 1978இல் இலங்கையில் தொடங்கிய தமிழ் அவைக்காற்றுக் கலைக் கழகம் முதலில் முழுநீள நாடகங்களுக்குப் பெயர்பெற்றது: தென்னெசி வில்லியம்ஸின் ‘கண்ணாடி வார்ப்புகள்’, லோர்காவின் ‘ஒரு பாலை வீடு’. 1980களில் லண்டனுக்குப் பெயர்ந்தபின் குறுநாடகங்கள் அதன் மேடையில் அதிகமாயின. ரொறன்ரோவில் மனவெளி கலையாற்றுக் குழு 1996 முதல் ‘அரங்காடல்’ என்ற பெயரில் நாடக மாலைகளை நடத்தியது.

அவைக்காற்றுக் கழகம் மேடையேற்றிய குறுநாடகங்களுள் ஹரோல்ட் பின்ரரின் ‘போகிற வழிக்கு ஒன்று’ உண்டு. 1984இல் ஆங்கிலத்தில் வந்தது. அரை மணித்தியாலம் அளவுதான். விசாரணை அறை. அதிகாரி ஒருவர், பிடிபட்ட கணவன், மனைவி, சிறு மகன். அதிகாரி குடிக்கிறார், மரியாதையாகப் பேசுகிறார், பகிடிகூட விடுகிறார். அடியோ இரத்தமோ மேடையில் விழாது. எல்லாம் கதவுக்கு அப்பால். முடிவில் தகப்பன் தன் பிள்ளையைப் பற்றிக் கேட்கிறான். அதிகாரியின் பதிலில் வினைச்சொல் இறந்தகாலத்தில் இருக்கிறது. அவ்வளவுதான், பிள்ளை உயிரோடு இல்லை என்று சபைக்கு விளங்கிவிடுகிறது. பகிடி விடுகிறவன் பேசப்பேசச் சிரிக்க முடியாமல் தொண்டை அடைக்கிறது. சோதனைச் சாவடியையும் தடுப்பையும் அறிந்த தமிழ்ச் சபைக்கு இந்த நாடகத்துக்கு முன்னுரை தேவைப்படாது. சிரிப்பும் திகிலும் ஒரே வாயிலிருந்து வருவது எப்படி என்பதற்கு இதைவிடச் சிறிய பாடம் கிடைப்பது அரிது.

தமிழ்நாட்டில் ந. முத்துசாமியும் இந்த வழியில் போனவர். 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய அவருடைய ‘நாற்காலிக்காரர்’ சிரிப்பாகத் தொடங்கி, அரசியலைக் கடித்து முடிகிற குறுநாடகம்.

துணுக்காயிலிருந்து பார்க்கையில்

இலங்கைப் பள்ளிக்கூடங்களில் நாடகமும் அரங்கியலும் இன்று சோதனைக்குரிய பாடம். யாழ்ப்பாணத்திலிருந்து தே. தேவானந்தின் செயல்திறன் அரங்க இயக்கம் போன்ற குழுக்கள் பள்ளிக்கூடங்களைத் தேடிப் போயின. தமிழ்மொழித் தினம் வந்தால் துணுக்காய் வலயத்துப் பள்ளிகளிலும் ஒத்திகைச் சத்தம் கேட்கும். கருவிகள் எல்லாம் வந்துவிட்டன. பிறப்பிலேயே விழுந்த பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது. சிரிப்பு நாடகம் என்றால் குடிகாரன், பெண்வேடமிட்ட ஆண், திக்குவாயன், பட்டணத்தில் முழிக்கும் நாட்டுப்புறத்தான். கனதி நாடகம் என்றால் அழுகை, இடி முழக்கம், கடைசியில் சபையைப் பார்த்து ஓர் அறிவுரை.

இரண்டு நோய்க்கும் மூலம் ஒன்றே. சிரிப்பு நாடகம் வலியைத் தவிர்க்கிறது. கனதி நாடகம் சபையின் புத்தியை நம்பவில்லை. நாட்டுப்புறத்தானைப் பார்த்துக் கொழும்பில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் சிரிப்பது ஒன்று. வன்னியில் இருந்து பார்க்கையில் அந்தச் சிரிப்பு வேறொன்று. மேடையில் முழிப்பவர் எங்கள் பெரியப்பா. பகிடி மேலே இருக்கிறவனைக் குத்துகிறதா, கீழே கிடக்கிறவனை மிதிக்கிறதா என்பது சபை முதலில் கேட்கவேண்டிய கேள்வி. கட்டியகாரன் அரசனைத்தான் கேலி செய்தான் என்பதை மறந்துவிடக்கூடாது.

கனதி நாடகத்துக்கு வேறு கேள்வி. துயரத்தில் இருக்கிறவர்களும் சிரிப்பார்கள். இடம்பெயர்ந்த முகாமில் வரிசையில் நின்றவர்கள் விட்ட பகிடிகள் இந்த ஊரில் இன்னும் சொல்லப்படுகின்றன. போரை நாடகமாக்குகிறவர்கள் அந்தப் பகிடிகளை வெட்டிவிட்டுக் கண்ணீரை மட்டும் வைத்தால், உண்மையின் பாதியைத்தான் மேடைக்குக் கொண்டுவருகிறார்கள்.

டப்ளின் நகரில் அபே அரங்கு 1904 டிசம்பர் 27ஆம் திகதி திறக்கப்பட்ட இரவில் ஓரங்க நாடகங்கள் அடுத்தடுத்து ஆடப்பட்டன. யேற்ஸின் துயர நாடகம் ஒன்றில் அரசன் ஒருவனின் கட்டளையால் தகப்பன் அறியாமல் மகனைக் கொல்கிறான். அதே இரவில் லேடி கிரெகரியின் சிரிப்பு நாடகம்: வைக்கோல் கிளறும் கவையைத் திருப்பிக் கொடுக்கப் போன ஒருவன், ஊர்வாயில் கதை வளர்ந்து வளர்ந்து கொலைகாரனாகிறான். அன்னிய ஆட்சியில் இருந்த சிறு தீவொன்று தன் தேசிய அரங்கைத் திறந்தபோது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. பார்த்தவர்கள் இரண்டிலும் தங்களையே கண்டிருப்பார்கள்: ஒன்றில் தங்கள் விதி, மற்றதில் தங்கள் வாய்.

எங்கள் மண்டபத்துக்கும் அது பொருந்தும். ஒரு பின்னேரம், இரண்டு நாடகம்: ஒன்று சிரிக்கவைப்பது, ஒன்று கலங்கவைப்பது. நடுவில் கால் மணித்தியாலம் பேச்சு. மொத்தம் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியும். மாங்குளம் போகிறவர்களுக்கு பஸ்ஸும் தப்பாது. செலவு மிகக் குறைவு, ஏனென்றால் திரையும் காட்சியும் தேவையில்லை என்பதை 1985இலேயே நிறுவிவிட்டார்கள். நாடகம் பழக்குகிற ஆசிரியர் செய்யவேண்டியது ஒன்றுதான்: எழுத்துருவின் கடைசிப் பக்கத்தில் இருக்கிற அறிவுரையை வெட்டி, அந்த இரண்டு நிமிடத்தையும் சபையிடம் கொடுத்து, யார் பேசுகிறார்கள் என்று பார்க்கவேண்டும். துணுக்காய்ச் சனத்துக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.